காசோலையின் பின்பக்கம்

ஒரு தாயின் விலை நாற்பத்தைந்து பவுண்டு. பக்கத்துக்கு ஒன்பது வீதம் ஐந்து பக்கம். 1977-ஆம் வருஷத்து விலை இது. பேரம் கிடையாது, தவணை கிடையாது, பிடிக்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்ளும் வழக்கமும் கிடையாது. வாங்கியது லண்டனில் ஒரு பத்திரிகைக் கம்பெனி. தாங்கள் வாங்கியது ஒருவருடைய தாய் என்று அவர்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பக்கத்துக்கு எட்டரை என்று குறைத்திருப்பார்கள். எழுதியவரோ, தான் அவளை விற்கவே இல்லை என்று நாற்பத்தாறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அதை நம்பியவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். பொய் என்று தெரிந்தவன் பர்ன்லி ஊரில் ஒரே ஒருத்தன். அவனும் வாயைத் திறக்கவில்லை. அந்தக் கதையால் அவனுக்கு வரும்படி இருந்தது.

என் கடை பர்ன்லி மார்க்கெட்டில், குடல் விற்கும் கடைக்கு அடுத்தது. பழைய சித்திரக்கதைப் புத்தகங்கள் விற்கிறேன். அதே இடத்தில் என் அப்பா ஹரால்ட் ஹேவொர்த் பீங்கான் விற்றார். பன்னிரண்டு தட்டுகளை விசிறி போல அடுக்கி, ஆகாயத்தில் எறிந்து, ஒன்றும் உடையாமல் பிடித்து, "பத்து பவுண்டு கேக்கல, எட்டு கேக்கல, என் பொண்டாட்டி இன்னிக்கு ஊர்ல இல்ல, அதனால அஞ்சுக்குத் தர்றேன்" என்று கத்துவார். என் அம்மா அடுத்த பெட்டிமேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பாள். அந்த வீட்டில் வளர்ந்தவனுக்கு எந்தச் சாமானைப் பார்த்தாலும் முதலில் தெரிவது அதன் விலை. இரண்டாவது, எதிராளியின் பயம். மூன்றாவதாகத்தான் சாமான் தெரியும். பீங்கானில் வாசம் ஏறாது. காகிதத்தில் ஏறும். வினிகரில் ஊறும் மாட்டுக்குடலின் வெள்ளை நாற்றம் என் சரக்கு முழுக்க இறங்கியிருக்கிறது. சேகரிக்கிறவர்கள் புத்தகத்தை மூக்கருகே வைத்து இழுத்துவிட்டு, ஆகா, பழைய மை வாசம் என்பார்கள். நான் தலையாட்டுவேன்.

வியாழக்கிழமை காலையில் ஹெட்லி ஹோல்ட் வருவார். கடை வாசலில் ஒரு முக்காலி அவருக்கென்றே போட்டது. எண்பத்து மூன்று வயது, இடுப்பு எலும்பு தேய்ந்து, ஒரு பக்கம் சாய்ந்த நடை. கேஸ் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தவர், முப்பத்து நாலு வயதில் வேலையை உதறிவிட்டுக் கதை எழுத வந்தார். தட்டச்சு இயந்திரத்தின் அடியில் கம்பளியை மடித்துப் போட்டு, குழந்தை எழுந்துவிடாமல், சமையலறை மேஜையில் உட்கார்ந்து தட்டுவார். திங்கள் யுத்தக் கதை, செவ்வாய் கால்பந்து, புதன்கிழமை பெண்பிள்ளைகள் படிக்கும் குதிரைக் கதை. அந்தக் குதிரை ஒரு வருஷத்தில் மூன்று முறை குருடாகி மூன்று முறை கண் திறந்தது. அவருடைய பெயர் எதிலும் வராது. அந்த வழக்கமே அப்போது இல்லை. ஒருமுறை கேட்டிருக்கிறார். ரொட்டியின்மேல் மாவு பிசைந்தவன் பெயரையா போடுகிறார்கள் என்று ஆசிரியர் திருப்பிக் கேட்டாராம்.

அந்த ஆசிரியரைப் பார்க்க ஒரே ஒரு தடவை லண்டன் போனார். கீழ்த்தளத்தில் குழாய் உடைந்து தண்ணீர். நனையாமல் நடப்பதற்காகத் தரையில் அட்டைகளைப் பரப்பியிருந்தார்கள். குனிந்து பார்த்தால், அட்டை இல்லை, ஓவியர்கள் வரைந்து அனுப்பிய மூலப்படங்கள். அச்சானதும் அவற்றுக்கு வேலை முடிந்துவிடும். ஹெட்லி எழுதிய கதையின் நாயகி முகத்தில் பூட்ஸ் தடம், வாய்மேல் சரியாக. பிறகு ஆசிரியர் அவரைக் கூட்டிப்போய் இறைச்சிப் பணியாரம் வாங்கிக் கொடுத்தார். நல்ல மனிதர் என்றுதான் ஹெட்லி சொல்வார். பணியாரம் முழுவதையும் ரயில் நிலையத்துக் கழிப்பறையில் வாந்தியெடுத்ததையும் அடுத்த வரியிலேயே சொல்வார். நன்றி சொல்லிவிட்டுத்தான் வந்தாராம். அதுதான் இன்றைக்கும் தொண்டையில் நிற்கிறது என்பார், பணியாரம் இல்லை, நன்றி.

கூலி வாராவாரம் காசோலையாக வரும். காசோலையின் பின்பக்கத்தில்தான் கம்பெனியின் மூளை இருந்தது. பொடி எழுத்தில் நாலு வரி. கீழே கையெழுத்திடுபவர் இந்தப் படைப்பின் சகல உரிமைகளையும், உலகம் முழுவதற்கும், காலம் உள்ளளவும் கம்பெனிக்கு அளிக்கிறார். அதன் அடியில் ஒரு கோடு. கோட்டில் கையெழுத்து இல்லாமல் பாங்கில் காசு தரமாட்டார்கள். கையெழுத்துப் போட்டால் கதை போச்சு, போடாவிட்டால் சோறு போச்சு. எலிப்பொறியில் கருவாட்டைக் கட்டி, கருவாட்டின்மேலேயே ஒப்பந்தத்தையும் எழுதிவைத்த புத்தி. என் அப்பா வாழ்நாளில் இரண்டு விஷயத்துக்குத்தான் தொப்பியைக் கழற்றினார். ஒன்று சவ ஊர்வலம், இன்னொன்று இந்தப் பொடி எழுத்து.

இனி ஆக்னஸ். ஹெட்லியின் அம்மா பெயர் ஆக்னஸ், அவருடைய நாயகி பெயரும் ஆக்னஸ். அம்மா முப்பது வருஷம் தறிக்கூடத்தில் நின்றவள். அங்கே நின்றவர்களுக்குக் காது போய்விடும், உதடு வந்துவிடும். முந்நூறு தறி அடிக்கும் சத்தத்தில் குரலுக்கு வேலை இல்லை என்பதால் உதட்டை அகல அசைத்துச் சத்தமில்லாமல் பேசிக்கொள்வார்கள், எதிரில் நிற்பவள் அதைக் கண்ணால் கேட்பாள். வெளியே வந்தும் அதே பேச்சுதான். பேருந்தில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு ஒரு ஊரின் மானத்தையே வாங்கிவிடுவார்கள், நடுவில் இருப்பவனுக்கு ஒன்றும் கேட்காது. தறிக்காரிகள் சாமான் வாங்க வரும் பீங்கான் கடையில் நின்றதால் எனக்கும் அது பழக்கம். ஹெட்லி எழுதிய கதையில் எங்கள் லங்காஷயர் மாவட்டம் முழுக்கக் கடலில் மூழ்கிவிடுகிறது. பணக்காரர்கள் கண்ணாடிக் கோபுரத்தில், மற்றவர்கள் படகில். கோபுரத்துக்குள் அவர்கள் போடும் திட்டம் வெளியே கேட்காது. காது கேளாத ஒரு கிழவி படகிலிருந்தபடி கண்ணாடி வழியாக உதடுகளைப் படிக்கிறாள். அவ்வளவுதான் ஆக்னஸ். கையில் துப்பாக்கி இல்லை, தலையில் முக்காடு, காலில் மரச்செருப்பு. அவள் பேசும்போது பேச்சு பலூன் காலியாக இருக்கும். உதட்டைச் சரியாக வரை, பிள்ளைகள் படித்துக்கொள்வார்கள் என்று ஓவியருக்குக் குறிப்பு எழுதினார். ஆசிரியர் சண்டை போட்டார். ஆனால் பிள்ளைகள் படித்தார்கள். பள்ளிக்கூடங்களில் வாத்தியார் முதுகுக்குப் பின்னால் உதட்டாலேயே பேசி அடி வாங்கினார்கள்.

அந்த முதல் ஐந்து பக்கத்துக்கு வந்ததுதான் நாற்பத்தைந்து பவுண்டு காசோலை. ஹெட்லி சொல்லும் கதை இது: பின்பக்கத்தைப் படித்தேன், கோட்டைப் பார்த்தேன், கை வரவில்லை. மற்றதெல்லாம் போகட்டும், சிப்பாயும் குதிரையும் எவன் வீட்டுப் பிள்ளையோ, இது எங்கம்மா. கணப்படுப்பின்மேல் இருந்த கடிகாரத்துக்குப் பின்னால் சொருகி வைத்தேன். வெள்ளிக்கிழமை பார்த்தால் காணோம். அம்மா எந்தக் காகிதம் கிடைத்தாலும் நெருப்பு மூட்டிவிடுவாள், பார்க்கமாட்டாள். தன்னை விற்ற காகிதத்தைத் தானே கொளுத்திவிட்டாள். அதற்கப்புறம் நூற்று நாற்பத்திரண்டு காசோலையில் கையெழுத்துப் போட்டேன், அடமானம் இருந்தது, பிள்ளை இருந்தது. ஆனால் முதலாவதில் போடவில்லை. ஆக்னஸ் பிறந்த அன்று அவளை நான் விற்கவில்லை.

ரசிகர் மாநாடுகளில் இதைச் சொன்னால் தாடிக்காரர்கள் கண்ணைத் துடைப்பார்கள். ஆக்னஸ் முகத்தைக் கெண்டைக்காலில் பச்சை குத்திக்கொண்ட ஒருவன் காலைத் தூக்கி மேஜைமேல் வைத்து, இதில் கையெழுத்துப் போடுங்கள் என்றான். போட்டார். வியர்வையில் பேனா வழுக்கியது. பிறகு அவன், நீங்கள்தான் வரைந்ததா என்று கேட்டான்.

என் வரும்படி இப்படி. முதல் இதழ், அன்றைக்கு எட்டு பென்ஸ், இன்றைக்கு நல்ல பிரதி இருநூறு பவுண்டு. வாசலில் முக்காலியில் பெரிசு உட்கார்ந்து கடிகாரக் கதையைச் சொல்லி முடித்தபின் அதே பிரதி முந்நூறு. கதைக்கு நூறு. அப்படி அறுபத்தோரு பிரதி விற்றிருக்கிறேன். அவருக்கு டீயும், ஒரு தட்டு குடலும், வினிகர் அவர் கேட்கும் அளவுக்கு.

போன வருஷம் சினிமா வந்தது. வருகிறது என்ற செய்தி வந்தது என்று சொல்லவேண்டும், படம் இன்னும் வரவில்லை. மார்க்கெட்டுக்கு எதிரே பேருந்து நிறுத்தத்தில் விளம்பரம் ஒட்டினார்கள். இருபத்தைந்து வயதுப் பெண், உடம்போடு ஒட்டிய கறுப்புத் தோலுடை, ஈரமான சிவப்பு வாய் விரியத் திறந்து கத்துகிறாள். கீழே ஆக்னஸ் என்று எழுதியிருந்தது. ஹெட்லி குடையை ஊன்றியபடி பார்த்துக்கொண்டே நின்றார். அவள் வாயை அவர் படிக்கப் பார்க்கிறார் என்று எனக்குப் புரிய நேரமாயிற்று. அதில் ஒன்றும் இல்லை. கத்தல்தான். "எங்கம்மாவுக்குப் பல்லு முப்பத்தொம்போது வயசுல போயிடுச்சு," என்றார். அன்றைக்குக் குடல் வேண்டாம் என்றார்.

அப்புறம் லண்டனிலிருந்து கடிதம். கம்பெனியின் உரிமைப் பிரிவிலிருந்து ஒருவர் நேரில் வந்து பார்க்க விரும்புகிறார், ஒரு சின்னக் காகித வேலை, நன்றிக்கடனாக ஐயாயிரம் பவுண்டு. ஹெட்லி அதைக் கிழித்துப் போட்டார். மகள் ஜில்லியன் பொறுக்கி ஒட்டினாள். அவளுக்கு ஐம்பது தாண்டிவிட்டது, முதியோர் இல்லத்தில் வேலை. ஊரான் கிழவர்களையெல்லாம் குளிப்பாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து சொந்தக் கிழவரைச் சமையலறையில் நிறுத்திக் குளிப்பாட்டுவாள், பிளாஸ்டிக் தொட்டியில், அடுப்புப் பக்கம் சுவரைப் பிடித்துக்கொண்டு. குளியலறை மாடியில் இருக்கிறது, அவரால் ஏற முடியாது. ஒருநாள் நான் தெரியாமல் பின்கதவு வழியாக நுழைந்துவிட்டேன். அந்தத் தொட்டியில் நின்ற முதுகை நான் பார்த்திருக்கக்கூடாது. கீழே ஒரு குளியலறை கட்ட நாலாயிரத்து எண்ணூறு ஆகும் என்று ஜில்லியன் மூன்று பேரிடம் கேட்டு வைத்திருந்தாள். கீழ்த்தளக் குளியலறையின் ஓடு நிறம்கூட அவள் தீர்மானித்துவிட்டாள்.

என் கடையில்தான் சந்திப்பது என்று ஹெட்லி பிடிவாதம் பிடித்தார். தன் வீட்டுக் கடிகாரத்தைப் பார்க்க அவனுக்கு யோக்கியதை இல்லை என்றார். வியாழக்கிழமை ஜில்லியன்தான் அவரைக் கூட்டி வந்தாள். பதினோரு மணிக்கு வந்தவன் பெயர் டோபி. முப்பது வயது, நல்ல கோட்டு, கையில் பாலேட்டுக் கேக் டப்பா. கேக்கைப் பார்த்ததும் என் காது நிமிர்ந்தது. உரிமை உள்ளவன் வக்கீல் கடிதத்தோடு வருவான். பயப்படுகிறவன்தான் கேக் வாங்கி வருவான். குடல் கடை நாற்றத்தில் அவன் மூக்கு ஒருமுறை சுருங்கி, படித்த வளர்ப்பால் மறுபடி விரிந்தது.

சின்ன வயதில் ஆக்னஸைப் படித்துத்தான் தூங்குவேன் சார் என்று ஆரம்பித்தான். பொய்யாக இருக்காது. அதுதான் அருவருப்பு, இப்படிப்பட்ட வேலைக்கு அவர்கள் எப்போதும் நேசிக்கிறவனைத்தான் அனுப்புகிறார்கள். நூற்று நாற்பத்து மூன்று காசோலையும் எங்கள் கோப்பில் இருக்கிறது, படத்துக்கு இன்ஷூரன்ஸ் செய்கிறவர்கள் ஒவ்வொன்றாகச் சரிபார்க்கிறார்கள், ஒன்றே ஒன்றில் மட்டும் ஒரு சின்னத் தெளிவு வேண்டும் என்றான்.

"நூத்தி நாப்பத்திரெண்டு," என்றார் ஹெட்லி. "மொதல் செக்கு எங்கம்மா அடுப்புல போச்சு, தம்பி. உங்க ஆபீசுல யாருக்கும் அந்தக் கதை தெரியாதா?"

டோபி சங்கடத்தோடு பையைத் திறந்து ஒரு நகலை எடுத்து, கேக் டப்பாவின் பக்கத்தில் வைத்தான். காசோலையின் பின்பக்கம். பொடி எழுத்து நாலு வரி. கோட்டில் எச். ஹோல்ட் என்று ஒரு கையெழுத்து, சுழித்துச் சுழித்து, தேவாலயப் பள்ளியில் குச்சியால் அடித்துச் சொல்லிக்கொடுத்த எழுத்து. அதன் கீழே, கொஞ்சம் சாய்வாக, ஒரு ரப்பர் முத்திரை. எச். ஹேவொர்த், பீங்கான், பர்ன்லி மார்க்கெட்.

"மத்த கையெழுத்துங்களோட இது கொஞ்சம் மாறி இருக்கு சார். உங்களோடதுதான்னு இந்தத் தாள்ல ஒரு கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னா போதும். ஐயாயிரம் இன்னிக்கே."

அடுத்த கடையில் கத்தியால் குடலை அறுக்கும் சத்தம், ஈரத் துணியைக் கிழிப்பதுபோல.

நெருப்பு இல்லை, அடுப்பு இல்லை. நடந்தது இதுதான். அந்த வெள்ளிக்கிழமை எனக்கு இருபத்து நாலு வயது. அப்பா மதுக்கடைக்குப் போயிருந்தார். பாங்கில் கணக்கு இல்லாதவர்களின் காசோலையை மாற்றிக் கொடுப்பது எங்கள் கடையின் பக்கத் தொழில், ஒரு காசோலைக்கு ஒரு பவுண்டு. ஆக்னஸ் ஹோல்ட் வந்து தேநீர்க் குவளைகளுக்கு நடுவே அந்தக் காகிதத்தை வைத்தாள். எங்கள் ஊரில் வெள்ளிக்கிழமை கூலிக் கவரைப் பிரிக்காமல் அம்மா கையில் கொடுப்பதுதான் முறை. அவள் எண்ணிப் பார்த்து, கைச்செலவுக்குக் கொஞ்சம் திருப்பித் தருவாள். ஐம்பது வயதானவனும் கொடுப்பான். கடிகாரத்துக்குப் பின்னால் காகிதம் இருந்தால், மகன் கொடுக்க வெட்கப்பட்டு வைத்துவிட்டுப் போனதாகத்தான் அவளுக்குத் தோன்றியிருக்கும். உதட்டாலேயே சொன்னாள்: கண்ணு, மாத்திக் குடு. பின்னால் திருப்பி, கோட்டைக் காட்டி, அவன் பேரை எழுதுங்க என்றேன், நானும் உதட்டால்தான். எழுதினாள். மூக்குக்கண்ணாடி கொண்டுவரவில்லை. விரலைப் பொடி எழுத்தின்மேல் வைத்து, இது என்ன போட்டிருக்கு என்று கேட்டாள். நான் படித்தேன். எனக்குப் படிக்கத் தெரியும், புரியவும் புரிந்தது. அவளுக்குப் பின்னால் ஐந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள். ஒண்ணுமில்ல, பாங்குக்காரன் எப்பவும் போடுறதுதான் என்றேன். ஊரில் எந்த உதட்டுப் பொய்யையும் பிடித்துவிடுகிறவள். என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு நாற்பத்து நாலு பவுண்டை எண்ணி வாங்கிக்கொண்டு போனாள்.

ஹெட்லி நகலிலிருந்து கண்ணை எடுத்தார். டோபியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். அவர் உதடு அசைந்தது, சத்தமில்லாமல், அகலமாக, அவருடைய அம்மாவைப் போலவே. அவர் அப்படிப் பேசி நான் பார்த்து நாற்பது வருஷம் இருக்கும்.

"ஒனக்குத் தெரியுமா?"

நானும் சத்தமில்லாமல் சொன்னேன். "பேனாவ நான்தான் குடுத்தேன்."

"படிச்சுக் காட்டுனியா?"

"கேட்டாங்க. ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டேன்."

அவர் கண் மூடித் திறந்தது. டோபி எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தான். சின்ன வயதில் ஆக்னஸைப் படித்துத் தூங்கியவன் நாங்கள் பேசிக்கொள்வதைப் பார்த்து, கிழவர்களுக்கு வாய் உலர்ந்துவிட்டது என்று நினைத்துத் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். ஜில்லியனுக்கும் தெரியவில்லை. அவள் தலைமுறைக்கு முன்பே தறிகள் நின்றுவிட்டன.

நான் வியாபாரி, அதனால் வியாபாரத்தைச் சொன்னேன், உதட்டிலேயே. இல்லைன்னு சொல்லு பெரிசு. அது உன் கையெழுத்து இல்லை. நீ விற்கவில்லை, அப்போ அவங்க வாங்கவும் இல்லை. அதனாலதான் கேக்கோட வந்திருக்கான். நான் சாட்சி சொல்றேன், அப்பா பேரேடு பரண்மேல இருக்கு. அஞ்சாயிரம் இல்ல, அதுக்குப் பக்கத்துல ரெண்டு சைபர் போடலாம். படத்தையே நிறுத்தலாம். அந்தத் தோலுடைக்காரி வாயை மூடலாம்.

"கோர்ட்டுல என்னன்னு சொல்லுவேன்?" ஹெட்லியின் உதடு மெதுவாக அசைந்தது. "எங்கம்மா என் பேரைக் கள்ளக் கையெழுத்துப் போட்டு, தன்னையே வித்துட்டான்னா?"

ஜில்லியன் பொறுமை இழந்தாள். என்ன வாயை வாயை அசைக்கிறீர்கள் என்று கேட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அப்பா. அது உங்க கையெழுத்துதான்னு சொல்லிருங்க. நீங்க அன்னிக்கு மறந்து போட்டிருப்பீங்க. யாருக்கு என்ன நஷ்டம்? எனக்கும் முதுகு வலிக்குதுப்பா. தெனம் அந்தத் தொட்டியத் தூக்கி ஊத்துறது நான்தான்." என் பக்கம் திரும்பினாள். "நெவில் மாமா, நீங்களாவது சொல்லுங்க. அது ஹெட்லி ஹோல்ட் கையெழுத்துதானே?"

என் அப்பாவின் முத்திரை மேஜைமேல் கிடந்தது. என் வாயில் வினிகர் ஊறியது. ஆமாம் என்றால், கிழவர் கீழ்த்தளத்தில் வெந்நீரில் உட்காருவார், ஆனால் ஆக்னஸ் பிறந்த அன்றே அவளை விற்றவர் ஆவார், அவர் வாயாலேயே. இல்லை என்றால், ஆக்னஸ் அவருக்குத் திரும்பி வருவாள், ஆனால் அவளை விற்றது அவளே என்று ஊர் முன்னால் நான் படித்துக் காட்டவேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவருடைய கடிகாரக் கதை செத்துவிட்டது. அதை நூறு நூறாக விற்றவன் நான்.

"ஒன் அப்பன் எவ்ளோ எடுத்தான்?" ஹெட்லி இப்போது சத்தமாகவே கேட்டார்.

"ஒரு பவுண்டு."

"அந்த வெள்ளிக்கிழமை எங்கம்மா எனக்கு அஞ்சு பவுண்டு குடுத்தா," என்றார். டோபியிடம் சொல்வதுபோல இருந்தது, ஆனால் அவனைப் பார்க்கவில்லை. "முப்பத்தேழு வயசு எனக்கு. கைச்செலவுக்கு வச்சுக்கோன்னா. பென்ஷன்ல மிச்சம் புடிச்சதுன்னு நெனச்சு வாங்கிக்கிட்டேன். டைப்ரைட்டருக்கு ரிப்பன் வாங்கினேன். மிச்சத்துக்கு பீரு குடிச்சேன்." நகலின்மேல் விரலை வைத்தார். "அப்ப நானும் வாங்கியிருக்கேன்."

மீதியை என்ன செய்தாள் என்று ஜில்லியன் கேட்டாள். அவளுக்கு என்ன புரிந்ததோ, முழுக்கப் புரிந்ததுபோல முகம் வெளுத்திருந்தது.

"தெரியாது. அந்த வாரமும் குடல்தான் தின்னோம்."

டோபி தாளை அவர் பக்கம் நகர்த்தினான். ஒரே ஒரு தாள், அழகான அச்சு, கீழே ஒரு கோடு. தன்னுடைய பேனாவையும் மூடியைத் திறந்து கொடுத்தான். ஹெட்லி தாளை எடுத்தார், கோட்டைப் பார்த்தார், பிறகு நிதானமாகத் திருப்பி, வெறுமையாக இருந்த பின்பக்கத்தை மேலே போட்டார். சார், முன்பக்கம் சார் என்று டோபி மெல்லச் சொன்னான். எதையும் எழுதுமுன் பின்பக்கத்தைப் பார்க்கணும் தம்பி, உங்க கம்பெனி சொல்லிக்குடுத்ததுதான் என்றார்.

கேஸ் கம்பெனி குமாஸ்தாவின் எழுத்தில் வரி வரியாக எழுதினார். வரவு: 45. ஹேவொர்த்துக்கு: 1. எனக்கு: 5. அம்மாவுக்கு: 39. அந்த முப்பத்தொன்பதுக்கு எதிரே, எதற்கு என்று எழுதவேண்டிய இடத்தில், பேனா நின்றது. பிறகு ஒரு பலூன் வரைந்தார், கீழே சின்ன வாலோடு. உள்ளே ஒன்றும் எழுதவில்லை.

தாளை என் பக்கம் திருப்பி, பேனாவை அதன்மேல் வைத்தார். வாய் அசையவில்லை. கூட்டலைச் சரிபார்க்கச் சொல்கிறார் என்று முதலில் நினைத்தேன். கூட்டல் சரியாகத்தான் இருந்தது.

ஹேவொர்த்துக்கு என்ற வரியில் இருந்த ஒன்றை அடித்தேன். அறுபத்தோரு பிரதி, கதைக்கு நூறு வீதம், கூட அந்த ஒரு பவுண்டு. அடித்த இடத்துக்கு மேலே 6,101 என்று எழுதினேன். கூட்டல் இனி சரிவராது. அதற்கு மேல் வரியில், ஹெட்லி எழுதிய மை காயாமல், வரவு: 45.